முப்பத்தெட்டு டிகிரித் தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடத்து லேபுக்கு மொட்டை மாடித் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் வரும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. புரட்டாசி வெயிலில் மதியம் குழாயைத் திறந்தால் கை சுடும். லேபைக் கூட்டுவதும் மேசைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைப்பதும் என் வேலை. என் மகள் அங்கேதான் பதினொன்றாம் வகுப்பு படித்தாள்.

அன்றைக்கு வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் சம அளவு கலக்கிற சோதனை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் காலையில் குளிக்க வெந்நீர் விளாவும்போதே அவள் எனக்குச் சொல்லியிருந்தாள்.

"வெந்நீர்ல சூடு எம்புட்டு இறங்குச்சு, பச்சத்தண்ணில எம்புட்டு ஏறுச்சு, அம்புட்டுதாம்ப்பா கணக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். கொஞ்சூண்டு சூட்டப் பாத்திரம் குடிச்சிரும்."

லேபில் அவளுக்கு வெந்நீர் எண்பது டிகிரி, பச்சைத் தண்ணீர் முப்பத்தெட்டு. கலந்ததும் ஐம்பத்தெட்டு. இறங்கினது இருபத்திரண்டு, ஏறினது இருபது. கணக்கு சரியாக வந்ததும் தலையைத் தூக்கி என்னைத் தேடிச் சிரித்தாள்.

சார் வந்து பார்த்தார்.

"பச்சத்தண்ணி முப்பத்தெட்டா? புக்குல இருபத்தஞ்சு போட்டிருக்கு. நீ என்ன, வைகை மணல்ல வச்சு எடுத்தியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நீங்களே தொட்டுப் பாருங்க சார்," என்றாள் மகள்.

"பரீட்சைக்கு வர்றவரு தண்ணியத் தொட்டா பாப்பாரு? நம்பரத்தான் பாப்பாரு. இருபத்தஞ்சு போடு."

போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சார், இப்ப ஏறுனது முப்பத்து மூணு வருது. இறங்குனதவிட ஜாஸ்தியா இருக்கு."

"அப்ப ஐம்பத்தெட்ட ஐம்பத்தொண்ணாக்கு. இதையுமா சொல்லித்தரணும்?"

நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் வாய் திறக்கிறவன் இல்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"சார், நான்தான் தண்ணி கொண்டாந்தேன். சுட்டுச்சு சார்."

"அப்படியாண்ணே? அப்ப தெர்மாமீட்டர் எதுக்கு? உங்க கையவே ஸ்டாண்டுல மாட்டிருவோம்."

இந்த முறை சிரிப்பு பெரிதாக வந்தது. மகள் தலையைத் தூக்கவே இல்லை. ரப்பரால் அழித்தாள். முழு மதிப்பெண் போட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணால் பார்த்ததை எழுதின பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கி, பொய் எழுதினதும் முழு மதிப்பெண் போடுகிறார். ஒரு விரலை அந்தத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? வில்லாபுரம் பஸ்ஸில் ஏறும்வரை பல்லைக் கடித்தபடியே இருந்தேன்.

பஸ்ஸில் அவள் ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க எதுக்குப்பா பேசுனீங்க?"

அதற்கப்புறம் இரும்புக் குண்டைச் சுட வைத்துத் தண்ணீரில் போடுகிற சோதனை வந்தது. வாளியை அவள் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். அவள் முதலில் இருபத்தைந்து என்று எழுதினாள். பிறகுதான் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டாள். பாதரசம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான் உருப்படியா செய்யுது," என்றார் சார்.