பானை மேல் ஏறிய நத்தை

நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது கன்னியப்பன் தொட்டி பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அல்லாம் பூட்ச்சுக்கா."

எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் பழவேற்காட்டிலிருந்து, அலையாத்திக் காட்டுச் சேற்றில் பொறுக்கி வந்த நத்தைகள். ஒன்றுகூட அசையவில்லை.

எழுபதுகளில் நம் கம்பெனி ஒரகடம் ரோட்டில் ஒரு சின்ன ஷெட்டாக இருந்தது. கல்லூரி விலங்கியல் லேபுகளுக்குத் தவளை, கரப்பான், நண்டு என்று ஸ்பெசிமன் சப்ளை செய்வோம். பேக்கிங் என் பொறுப்பு, தொட்டிகள் கன்னியப்பன் பொறுப்பு. வடக்குப்பட்டுக்காரன், ஏர் உழுதுகொண்டிருந்தவன். அந்த மாதம்தான் அவனை பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. பெண்டாட்டி வேறு பிள்ளைத்தாச்சி.

எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. கடற்கரையிலிருந்து எது வந்தாலும் உப்புத்தண்ணீர்த் தொட்டிதான். தளும்பத் தளும்பத் தண்ணீர் விட்டு, ஏறி ஓடாமலிருக்கக் கம்பி வலையைத் தண்ணீருக்குள் அமுக்கி வைக்க வேண்டும். கன்னியப்பன் அதைத்தான் செய்திருந்தான். அவனைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

முதலாளி வந்தார். பார்த்தார். குதித்தார்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க? மத்தியானம் புரொபசரம்மா உசுரோட வாங்கினு போக வராங்க. நான் இன்னா மூஞ்சிய காட்டறது? நாளையிலேர்ந்து வூட்லயே கெட!"

"சார், எப்பவும் போலதான் சார்..."

"வாய மூடு! அவிச்சிப் போடு, ஓடாவது மிஞ்சட்டும்."

அது இரண்டாவது சட்டம். செத்ததை வீணாக்கக் கூடாது. வேகவைத்து, சதையை எடுத்துவிட்டு, ஓட்டைக் கழுவி விற்றுவிட வேண்டும். அந்த ஓடு அழகுதான். கெட்டியான பழுப்பு ஓடு, அதன் வாய் அச்சாக மனிதக் காது போலவே இருக்கும்.

நத்தைகளை ஈரச் சாக்கில் வடியக் கொட்டிவிட்டு, பானையை அடுப்பில் ஏற்றினோம். ராத்திரி பெய்த மழையில் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. புகைதான் வந்தது. கன்னியப்பன் ஊதிக்கொண்டே இருந்தான். கண்ணில் வழிந்தது புகையாலா அழுகையாலா என்று நான் கேட்கவில்லை. முதலாளியையும் விறகையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். பிறகு, "எந்திரிடா, மொதல்ல ஒரு டீ குடி" என்று எதிர்க் கடையில் இரண்டு கிளாஸ் வாங்கி வந்தேன்.

குடித்து முடிக்கிற சமயம், அவன் கிளாஸைப் போட்டுவிட்டுக் கத்தினான்.

"அக்கா! இத்த பாரு, கொம்பு நீட்டுது!"

சாக்கு முழுக்க நத்தைகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று, இன்னும் சூடேறாத அந்தப் பானையின் மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. அட கிறுக்கே, ஏறுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா!

மத்தியானம் வந்த புரொபசரம்மா கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"இந்தக் குடும்பத்து நத்தைக்கெல்லாம் செவுளே கிடையாதும்மா. கடலோரமா இருந்தாலும் நம்மள மாதிரி காத்துலதான் மூச்சு விடும். தண்ணிக்குள்ள அமுக்கி வச்சா திணறாதா பாவம்?"

நாங்கள் மூவரும் தொட்டியில் அமுக்கியிருந்த கம்பி வலையைத் திரும்பிப் பார்த்தோம். சில நத்தைகள் மட்டும் எழுந்திருக்கவேயில்லை. அவற்றையும் ஓட்டுக்காக அவரே எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு முதலாளி தொண்டையைச் செருமினார்.

"கன்னியப்பா, நாளைக்கி நேரத்தோட வந்துரு."

அப்பாடா! எனக்கு வந்த பெருமூச்சில் அந்த ஈர விறகே பற்றியிருக்கும்.

அன்றிலிருந்து ஷெட்டில் மூன்றாவது சட்டம் வந்தது. செத்தது என்று யார் சொன்னாலும் சரி, முதலாளியே சொன்னாலும் சரி, சாக்கில் பரப்பிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார். புதிதாக வேலைக்கு வருகிற உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். பானை எங்கேயும் ஓடிப்போகாது.

கன்னியப்பன் இங்கேயே வேலை பார்த்து ரிடையர் ஆனான். மழை வந்தால் விறகை மூடுடா என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"நனையட்டும்க்கா" என்பான்.