கண் திறக்காத அம்மன் கொடுத்த கல்பாசி

பேய், பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளுங்க நான், பாட்டனி படிச்சவ. இதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிச்சுட்டே கேளுங்க, பரவால்ல. ராத்திரி கூட இல்லீங்க, பட்டப்பகல்.

ரெண்டாயிரத்துச் சொச்சம், பாதிப் பேர்கிட்ட செல்போனே இல்லாத காலம். எனக்கு லைக்கன் ஆராய்ச்சி. பிரியாணிக்குப் போடுற கல்பாசி இருக்குதுங்களே, அதும் அதோட சொந்தக்காரங்களும். மரத்துலயும் பாறையிலயும் ஒட்டிட்டு இருக்கும், காத்து கெட்டா முதல்ல சாகறது அதுதான். அதைச் சேகரிச்சு, பேரெழுதி, காயவெச்சு, காகித உறையில போட்டு, காலேஜ் ஹெர்பேரியத்துல அடுக்கணும். திருப்பூர்ல ஒண்ணுகூட சிக்கல. எங்க கைடு, "சாயத்தண்ணி ஓடற ஊர்ல என்னம்மா தேடற, பேசாம நீலகிரிக்கு மாத்திக்க"ன்னுட்டார். எங்க ஊரு செத்துப்போச்சுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு, அழுகையே வந்துருச்சு.

கடைசியா ஒருதடவைன்னு பக்கத்துல சிலை செதுக்கற ஊரு, திருமுருகன்பூண்டி போனேன். ஒரு சிற்பக்கூடத்துக்குப் பின்னால, ஆர்டர் குடுத்தவங்க வாங்காம விட்ட அம்மன் சிலை, உக்காந்த கோலம், வருஷக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் கெடக்குது. கண்ணு மட்டும் செதுக்கல, அதைக் கடைசியாத்தான் திறப்பாங்க. மூஞ்சியில சாம்பல் கலர்ல ரெண்டு திட்டு. லைக்கனேதான்! இந்த வகையைக் கல்லோட சேத்துத்தான் பெயர்க்கணும். சிற்பி அண்ணனைக் கேட்டேன். "கண்ணு தொறக்காத வரைக்கும் கல்லுதானுங்க அம்மிணி, எடுத்துக்குங்க"ன்னார்.

காகித உறையைச் சிலை மடியில விரிச்சு வெச்சுட்டு, பழக்கதோஷத்துல முதல்ல தண்ணி தெளிச்சேன். நனைஞ்சா பச்சையாகும், அது சயின்ஸ். ஆனா கண்ணு இருக்க வேண்டிய எடத்துல சரியா ரெண்டு பச்சை வட்டம் மெல்ல விரிஞ்சுது பாருங்க, கையில இருந்த உளியைக் கீழ வெச்சுட்டேன். அண்ணன் செருப்பைக் கழட்டிட்டுக் கும்புட்டார். "தொறந்துருச்சுங்க அம்மிணி, இனி உளி வெக்காதீங்க."

போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சுட்டே மடியில இருந்த காலி உறையை எடுக்கறேன், கனமா இருக்குது. நம்புனா நம்புங்க, உள்ள ஒரு கல் சில்லு, அது மேல பச்சையா லைக்கன். சிலையில ஒரு கீறல் இல்லீங்க, ரெண்டு பேரும் தடவித் தடவிப் பார்த்தோம். "அவளே குடுத்துட்டா, எடுத்துட்டுப் போங்க"ன்னார் அண்ணன்.

அந்த ஒண்ணு குடுத்த தைரியத்துல மறுபடி தேட ஆரம்பிச்சேன். அவிநாசிப் பக்கம் ஒரு புளியமரத்துல, சோமனூர்ல ஒரு கெணத்து மேட்டுலன்னு ஒவ்வொண்ணா கெடச்சுது. கைடு அப்புறம் நீலகிரிப் பேச்சே எடுக்கல. எங்க ஊரு சாகலைங்க, அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குள்ள இருக்குது.

ஆனா ஒண்ணு. இப்ப அதே காலேஜ்ல நான் பாடம் எடுக்கறேன், இன்னைக்கும் ஹெர்பேரியத்துல அம்மன் குடுத்த அந்த உறையைக் கையில எடுக்கற ஒவ்வொரு ஸ்டூடண்ட்டும் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான். "மேடம், இதை இப்பத்தான் யாராச்சும் கையில வெச்சிருந்தாங்களா? சூடு இன்னும் ஆறலையே."