தெங்கேராவில் கேட்ட நாயனம்

தொண்ணூறுகளில் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி மெய் லிங், சீனப் பெண். ஒரு வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. தெங்கேராவில் இருந்த அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

சந்து முனையிலேயே நாயனச் சத்தம் கேட்டது. நம் கெட்டிமேளத்துக்கு ஊதுவது போலவே உச்சத்துக்கு ஏறியது. அடிப்பாவி, சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணமா! வாயெல்லாம் பல்லாகக் கூடாரத்துக்குள் நுழைந்தேன்.

நடுவில் சவப்பெட்டி. அதன்மேல் அவள் அப்பாவின் படம்.

மெய் லிங் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"சாரி லா, சத்தத்தக் கேட்டுக் கல்யாணம்னு நெனச்சிட்டேன்" என்று மலாயில் தடுமாறினேன்.

அவள் கோபப்படவில்லை. "ஒன் கல்யாணத்துல இதே மாதிரி ஊதுனாங்க. எங்களுக்கு இது சாவுச் சத்தம் லா. தாங்க முடியாம அழுதுட்டேன். நீங்க எல்லாம் சிரிச்சீங்க" என்றாள்.

என் கல்யாணத்தன்று அவள் கண் சிவந்திருந்ததை நானும் பார்த்தேன். ஓமப்புகை என்று நினைத்து, மின்விசிறிப் பக்கம் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னேன்.

இப்போதெல்லாம் கெட்டிமேளம் முழங்கும்போது யார் கண்ணாவது கலங்கினால், நான் புகையைக் குறை சொல்வதில்லை.