கதவில் தொங்கிய புரோட்டா

ஞானபாக்கியம் டீச்சருக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பால்காரன் சிரித்தால் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். சிரிக்காவிட்டால் நிறையவே ஊற்றியிருக்கிறான். நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த அந்த விதவைக்கு வாடகைக்கு அமைந்த மாடிவீடோ, வெள்ளத்துரையின் புரோட்டாக் கடைக்கு நேர் மேலே. துறைமுகத்து ஆட்களும் லாரிக்காரர்களும் விடிய விடியச் சாப்பிட்டார்கள். கல்லில் கொத்துகிற சத்தத்தில் தூக்கம் ஏது? ஜன்னலோரம் விளக்கைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பேப்பர் திருத்துவார். நடுநடுவே எந்த லாரி நிற்கிறது, யார் இறங்குகிறான் என்று எட்டிப் பார்ப்பார்.

எழுபத்தாறாம் வருஷம் பிறந்த கையோடு, ஒரு காலையில் கதவுக் கொண்டியில் பொட்டலம் ஒன்று தொங்கியது. வாழையிலையில் சுற்றிய நாலு புரோட்டா. மறுநாளும் தொங்கியது. சும்மா யார் கொடுப்பார்கள்? வீட்டில் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிற மகள் கிருபை இருக்கிறாள், வயது பத்தொன்பது. கீழே எவனோ அவள்மேல் கண் வைத்துவிட்டான் என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டார். இலையைப் பிரித்துச் சீட்டு இருக்கிறதா என்று தேடினார். தனக்கு எதுவும் தெரியாதென்று கிருபை அழுதாள். அழுததும் சந்தேகத்துக்கே தோதாகப் போயிற்று. படிப்பு முடிய நாலு மாதமே இருக்க, அவளைச் சாத்தான்குளத்தில் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

பொட்டலம் நிற்கவில்லை. பெண்ணே இல்லாத வீட்டுக்கு யாருக்காக வருகிறது? ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டபின் கடைக்குள் போய்க் கேட்டேவிட்டார். எமர்ஜென்சிக் காலம், கடத்தல் சரக்கைக் காட்டிக் கொடுத்தால் கஸ்டம்ஸில் வெகுமதி என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளத்துரை மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார்.

“டீச்சரம்மா, நீங்க ராவெல்லாம் லாரியப் பாத்துப் பாத்து எழுதுதத நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். பொட்டலம் உங்களுக்குத்தான். கஸ்டம்ஸுக்கு எதும் எழுதிப் போட்டுறாதிய.”

தான் எழுதியது பிள்ளைகளின் பேப்பரில் மார்க்கு என்று டீச்சர் சொன்னார். வெள்ளத்துரை நம்பவில்லை. மறுநாள் காலையில் இலைக்குள் ஆறு புரோட்டா இருந்தன.

வெட்கமும் வேதனையுமாக டீச்சர் சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறினார். வருகை நாள் குறைந்ததால் பயிற்சிப் பள்ளியில் அடுத்த வருஷம் முதலிலிருந்து சேர்த்துக்கொள்வார்களாம், புறப்படு என்று மகளிடம் கெஞ்சினார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிருபை கையை நிறுத்தவில்லை.

“நான் அன்னைக்கே தெரியாதுன்னு சொன்னேன்லாம்மா. நீங்க நம்பல. கடைக்காரர் சொன்னப்பொறவுதான நம்புதிய,” என்றாள். “நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

டீச்சர் மத்தியான பஸ்ஸில் தனியாகத் திரும்பினார்.