அண்டாவுக்கு வந்த லாந்தர்

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் அண்டா கேட்டார்கள். நெல் அவிக்கிற பெரிய பித்தளை அண்டா. அது இல்லாமல் பெண் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன் என்று மாமியாராக வரப்போகிறவள் சொல்லியனுப்பியிருந்தாள். எனக்கு அப்போதே எரிந்தது. இவர்கள் பெண் எடுக்கிறார்களா, பாத்திரம் எடுக்கிறார்களா?

அறுபதுகளின் தொடக்கம். செஞ்சியில் துரைமார் வந்து தங்கிய பழைய பங்களாவுக்கு அப்போதுதான் கரண்டு இழுத்தார்கள். கூடத்தில் தொங்கிய இங்கிலீஷ்காரன் காலத்துப் பித்தளை லாந்தரை இறக்கி ஏலம் போட்டார்கள். எங்கள் அப்பா, நைனா, அதை எடுத்துவந்தார். அழகுக்காக இல்லை. பழைய பித்தளையைப் போட்டால் கடைவீதியில் புதுப் பாத்திரம் தருவார்கள். லாந்தரை உடைத்துப் போட்டால் அண்டா வரும்.

கடைக்காரர் அழுக்கைக் காட்டி எடையைக் குறைப்பார் என்று, நைனா என்னைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தேன். தேய்க்கத் தேய்க்கக் கை நின்றுவிட்டது. ஆறு பக்கமும் கண்ணாடி. ஒவ்வொன்றின் ஓரத்தையும் சாய்வாகச் சீவியிருந்தார்கள். தலையில் கிரீடம் மாதிரி மூடி. ஒரு பக்கம் சின்னக் கதவு. விரலால் தள்ளினால் சத்தமே இல்லாமல் வந்து பொருந்தியது. எங்கள் வீட்டுக் கதவு ஒரு நாளும் அப்படிச் சாத்தியதில்லை. எவன் செய்தானோ, தொங்கினால் யார் கண்ணுக்கும் படாத மூடியின் மேல்பக்கத்தில்கூட இதழ் இதழாகச் செதுக்கியிருந்தான்.

பொழுது சாய்ந்ததும் மாதா கோயிலுக்கு வாங்கிய மெழுகுவத்தியை உள்ளே ஏற்றி உத்திரத்தில் மாட்டினேன். மண்சுவரெல்லாம் வானவில் துண்டு துண்டாக விழுந்தது. நைனா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். வெகுநேரம் சாப்பிடவில்லை.

மறுநாள் பாத்திரக் கடையில், "கண்ணாடி எடைக்கு ஆவாது" என்று கடைக்காரர் சுத்தியலை ஓங்கினார். லாந்தரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாம்மா, பைத்தியமா?"

"கண்ணாடிய ஒடச்சா ஒன் மண்டைய ஒடைப்பேன்."

நைனா தலையில் கை வைத்தார். "அண்டா இல்லாம அந்த வூட்டு வாசல்ல போய் நிப்பியா?"

"நிக்கிறேன்."

நின்றேன். கோயிலில் தாலி கட்டி முடித்து, சாயங்காலம் புருஷன் வீட்டு வாசலில். மாமியார் சீர்வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"அண்டா எங்கடி? கிளிக்கூண்டு தூக்கினு வந்துக்கிற."

லாந்தரை அவள் மகனிடமே கொடுத்து வாசல் உத்திரத்தில் மாட்டச் சொல்லி, ஏற்றினேன்.

அண்ணாந்தாள். கழுத்தை இறக்கவே இல்லை. அவள் முகத்திலும் சேலையிலும் நிறங்கள் ஆடின. கூட வந்த சனமும் அப்படியே நின்றது. அவள் வாயை மூடி நின்றதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"பீடத்துக்கு முன்னாடி தொங்க வேண்டியத வூட்டுக்குக் கொண்டாந்துட்டியே" என்றாள் மெதுவாக. பிறகு நினைவு வந்து, "அது சரி, நெல்ல எதுல அவிப்ப?" என்றாள்.

"எதுத்த வூட்டு அண்டாவுல."

"போய்க் கேக்கறது நீதான்."

"நான்தான்."

இன்னொரு தரம் மேலே பார்த்தாள். "வலது கால வெச்சி வா" என்றாள்.