ஆளில்லாத குரல்

மருதனார்மடம் சந்தியில் போன் திருத்துகிறவரின் பெயரை நான் கேட்டதில்லை. மெலிந்த மனிதர். நெற்றியில் கட்டிய சின்ன விளக்கை ஆட்களோடு கதைக்கும்போதும் அணைக்கமாட்டார். திருத்திய போனின் ஸ்பீக்கரைச் சோதிக்க எப்போதும் ஒரே யப்பானியப் பாட்டைத்தான் போடுவார்.

"என்ன அண்ணை, பூனைக்குட்டி கத்துற மாதிரிக் கிடக்கு?" என்றேன்.

"பாடுறது ஆளில்லை, தங்கச்சி, கொம்பியூட்டர். மூச்சே எடுக்காது, கேளுங்கோ."

"எங்கடை பாட்டு ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

அவர் சிரிக்கவில்லை. "முந்தி எங்கடை பாட்டுத்தான் போட்டனான். ஒரு அம்மா இதிலை நிண்டு அழுதிட்டா. மகன் பாடித் திரிஞ்ச பாட்டாம். அவன் இப்ப இல்லையாம். அதோடை ஆக்களின்ரை குரலே வேண்டாமெண்டு விட்டிட்டன்."

என் போனைத் திருத்தித் தரும்போது, "உதிலை அந்தக் கொம்பியூட்டர் பாடின இன்னும் ரெண்டு பாட்டுப் போட்டிருக்கிறன். கடைசிப் பாட்டை மழை நேரம் கேளுங்கோ, நல்லாயிருக்கும்" என்றார்.

அந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. அவர் எங்கே போனாரென்று பக்கத்துக் கடையிலும் தெரியவில்லை. அந்தப் போனும் பழுதாகிவிட்டது. பாட்டுகளை மட்டும் புதியதற்கு மாற்றிக்கொண்டேன்.

போன கிழமை எங்கள் ஊர் உடுவிலில் நல்ல மழை. கடைசிப் பாட்டைப் போட்டேன். இரண்டு வரி போவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவரும் அழக்கூடாதென்றுதானே அந்த மனிதர் இதைத் தேடிப் பிடித்தார்.