வீரம்மாளின் வியாழக்கிழமை டிக்கெட்

ஒரே விமானம், ஒரே வரிசை, ஒரே சோற்றுத் தட்டு. ஆனால் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் கொடுத்த விலை ஒன்றாக இருக்காது. ஈப்போவில் ஒரு டிக்கெட் கடையில் பல வருடம் குப்பை கொட்டியவள் நான். பெயர் நவமணி, வீடு சிலிபினில். இந்த விலை எப்படி வருகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வரும். தூரத்துக்கு விலை என்று நினைக்காதீர்கள். உங்கள் அவசரத்துக்குத்தான் விலை. புந்தோங் மார்க்கெட்டில் ஒரு மீன்காரன், வீட்டில் விருந்தாளி காத்திருப்பவளுக்கு மூன்று மடங்கு, பொழுதுபோகாமல் வந்தவளுக்குப் பாதி என்று ஒரே கூடை மீனை விற்றால், கூடையோடு அவனைச் சாக்கடையில் தள்ளுவோம். அதையே விமானக் கம்பெனி செய்தால் ‘ரூல்’ என்று பெயர்.

வீரம்மாள் அக்காவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு வந்த குமட்டல் இது.

லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். புருஷன் சன்னாசி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒற்றை மகள் பாப்பாவைப் படிக்கவைத்து, எழுபத்து நான்கில் லண்டனுக்கு நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பினார். பிறகு தோட்டத்தை விற்று வீடு கட்டப் போவதாகச் சொல்லி, தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். எல்லோரும் சட்டி பானையோடு லாரியில் ஏறியபோது இவர் தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். தடுக்க வந்த தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம், "கதவு எம் புருசன் வாங்கிப் போட்டது. தோட்டத்துச் சொத்து இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவோடு புந்தோங்குக்கு வந்து சேர்ந்தார். வாடகை வீட்டு வாசலுக்கு அது அளவு சேரவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கப் போனார். யாரிடமும் கையை நீட்ட மாட்டார். வாயை மட்டும் நீட்டுவார்.

எண்பத்தாறில் எங்கள் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, ராஜு அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, "இனிமே எல்லாம் ஆன்லைன் லா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை அடித்தார். டெலிபோன் கம்பி வழியாக அது கோலாலம்பூர் கம்ப்யூட்டரோடு பேசும். பச்சை எழுத்தில் பதில் வரும்.

அந்த வருடம்தான் பாப்பா மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை படுத்தே இருக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார். கணவனுக்கு இரவு வேலை, உதவிக்கு வேறு ஆளில்லை. "நீ வந்தாத்தாம்மா எனக்குத் தைரியம்" என்று டெலிபோனில் அழுதிருக்கிறாள். மறுநாளே வீரம்மாள் அக்கா எங்கள் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கவுண்டரில் அப்போது ஸ்கந்தராஜா சாரும் அவர் மனைவி சாரதாதேவியும் நின்றிருந்தார்கள். சார் யாழ்ப்பாணக் குடும்பம், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இருவரும் உலகத்தைச் சுற்றிவர டிக்கெட் எடுத்திருந்தார்கள். கிழக்கோ மேற்கோ, ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வந்த வழியே திரும்பக்கூடாது, ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. தேதியை எத்தனை தடவை மாற்றினாலும் கட்டணம் கிடையாது.

"வியாழக்கிழமை தெற்கே சூலமெல்லோ, பிள்ளை. கோலாலம்பூர் தெற்கேதானே கிடக்கு. சனிக்கிழமைக்கு மாத்தி விடுங்கோ" என்றார் சாரதாதேவி.

நான் கம்ப்யூட்டரில் தட்டினேன். டிக்கெட்டில் புதுத் தேதி எழுதிய ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிக் கொடுத்தேன். வேலை முடிந்தது. பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ஏரோப்ளேன்காரனும் சூலம் பாக்குறானா! பரவால்ல லா."

அடுத்து அவருடைய முறை. ராஜுவே பேசினார். நினைத்த நாளில் போய் நினைத்த நாளில் திரும்புவதென்றால் முழு விலை என்றார். அந்த விலை, உலகத்தையே சுற்றிவரும் டிக்கெட்டைவிட அதிகம். வீரம்மாள் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப நானும் ஒலகத்த சுத்திக்கிட்டே போறேன் தம்பி. வழியில மவ வீட்டுல எறங்கிக்கிறேன்."

ராஜு சிரிக்கவில்லை. அதற்கு அமெரிக்க விசா வேண்டும், விசாவுக்குப் பேங்குக் கணக்கு காட்ட வேண்டும் என்றார். அக்காவிடம் காட்டுவதற்கு ஒரு கதவுதான் இருந்தது.

கடைசியில் ஒரு மலிவு டிக்கெட் அகப்பட்டது. மூன்று வாரம் முன்னதாக வாங்க வேண்டும். வியாழக்கிழமை விமானத்துக்கு மட்டும்தான் அந்த விலை. மாற்ற முடியாது, பணம் திரும்பாது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் சின்ன விமானமும் அதற்குள்ளேயே அடக்கம். தோட்டத்தில் கொடுத்த நட்ட ஈடும் காதில் கிடந்த தோடும் அதற்குப் போயின.

"வியாழன் தெக்க சூலமாச்சே தம்பி. எனக்கும் ஒரு தாளு ஒட்டிக் குடுங்க" என்றார் அக்கா.

"இந்த டிக்கெட்டுக்கு ஒட்டு கிடையாது அக்கா. தேதின்னா தேதிதான் லா."

அக்கா "சரி" என்று டிக்கெட்டை வாங்கி மாராப்புக்குள் செருகிக்கொண்டு போனார்.

அவர் போட்ட கணக்கில் எந்த ஜோசியரும் குறை சொல்ல முடியாது. தேதியை மாற்றத்தானே கூடாது? புதன்கிழமையே பஸ் ஏறி, கோலாலம்பூர் செந்தூலில் தம்பி ஐயாவு வீட்டில் தங்கிக்கொண்டார். வியாழன் அன்று கோலாலம்பூரிலிருந்து கிளம்பினால் லண்டன் வடமேற்கே இருக்கிறது, சூலம் குறுக்கே வராது. இரண்டு முறை நழுவிய பிள்ளை. மூன்றாவது முறை எந்தத் தெய்வத்தையும் முறைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் டெலிபோன் அடித்தது. ஐயாவு பேசினார்.

"அக்காவ ஏத்த மாட்டேன்னுட்டாங்க தங்கச்சி. ஈப்போவுல ஏறலையாம். அதனால டிக்கெட்டே செல்லாதாம். புதுசா வாங்கணும்ங்கறாங்க."

டிக்கெட் என்பது ஒரு சின்னப் புத்தகம், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சீட்டு. முதல் சீட்டைக் கிழிக்காவிட்டால் கம்ப்யூட்டர் மிச்சத்தையும் சாகடித்துவிடும். ஏன் இந்த விதி என்று கேட்டால், விலை மலிவான ஊரிலிருந்து கிளம்புவதாக டிக்கெட் வாங்கிவிட்டு நடுவழியில் ஏறும் தந்திரக்காரர்களைப் பிடிக்க என்பார்கள். பிடிபட்டது யார் பார்த்தீர்களா? இட்டிலிக்கும் தோசைக்கும் காசு வாங்கிவிட்டு, இட்டிலியைத் தொடவில்லை என்று தோசையைப் பிடுங்கிக்கொள்ளும் சாப்பாட்டுக் கடையை உலகத்தில் எங்காவது கண்டதுண்டா? தூ!

விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகக் கேட்டாள்.

"சாவா, மேடம்? டெத் சர்டிபிகேட் இருந்தா மேலிடத்துல கேட்டுப் பாக்கலாம்."

"சாவு இல்லம்மா. பிரசவம். மூணாவது தரம், மவ தனியா கெடக்குது."

"பிரசவத்துக்கு ரூல் இல்ல, மேடம்."

ராஜுவிடம் போனேன். "மொத சீட்டக் கிழிக்காட்டி மத்தது செல்லாதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"எல்லாம் டிக்கெட்டு பின்னால எழுதியிருக்கு லா, நவமணி." தலையை நிமிர்த்தாமல் பேப்பர் படித்துக்கொண்டே சொன்னார்.

எழுதித்தான் இருந்தது. எறும்பு அளவு எழுத்தில், இங்கிலீஷில். படிக்கத் தெரியாதவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் பார் என்கிற அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்க்க அதைவிட அருவருப்பு.

சனிக்கிழமை காலை வீரம்மாள் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் ஏறாத எடம் காலியாத்தான போச்சு? அதுல அவனுக்கு என்ன நட்டம்?" நான் அவர் பெட்டியை வாங்கிக் கவுண்டர் பக்கம் வைத்தேன்.

அப்போது ஸ்கந்தராஜா சாரும் சாரதாதேவியும் ஓட்டல் சீட்டுகளை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்புவதற்காக டாக்சியில் வந்து இறங்கினார்கள். அவர்களும் வியாழக்கிழமைக்குப் பயந்தவர்கள்தான். அவர்களுக்கு ஒட்டுத்தாள், இவருக்குக் குப்பைத் தொட்டி. நடந்ததைக் கேட்டதும் சாரதாதேவி பதறிப்போனார். "ஐயோ, நாங்கள் லண்டனில ஒரு மாசம் நிப்பம். விலாசத்தைத் தாங்கோ, ஏதும் குடுத்துவிட இருந்தாலும் தாங்கோ" என்றார். நல்ல மனிதர்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீரம்மாள் அக்கா பெட்டியைத் திறந்தார். பத்திய மருந்து, காய்ந்த இஞ்சி, பூண்டு, கிழித்துத் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள். ஒவ்வொன்றாக எடுத்து அந்த அம்மாவின் கைப்பையில் அடுக்கினார். "மருந்த வெறும் வயித்துல குடுக்கணும்மா. கசக்கும், துப்பிடப் போறா. விடாதீங்க" என்றார்.

உலகத்தைச் சுற்றிவிட்டு அவர்கள் ஈப்போ திரும்பியபோது மழைக்காலம் வந்துவிட்டது. பாப்பாவுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம் என்ற சேதி முன்பே வந்திருந்தது. சாரதாதேவி கடைக்கே வந்து அக்காவை வரச் சொன்னார். ஒரு போட்டோவைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள். பாப்பா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் சாரதாதேவி, அவர் கையில் குழந்தை, சுற்றியிருந்தது அந்த வேட்டித் துணி.

அக்கா அதை வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்து வெகுநேரம் பார்த்தார். "மருந்து குடிச்சாளா?" என்றார். "குடிச்சவ. அழுதழுது குடிச்சவ." அக்கா தலையாட்டினார். பிறகு கேட்டார்.

"புள்ள கனமா இருந்துச்சாம்மா?"

"நல்ல பாரம். எனக்குக் கை நொந்து போச்சுது."

வீரம்மாள் அக்கா போட்டோவைக் கவுண்டரில் வைத்தார். இரண்டு கைகளையும் மடக்கி முன்னால் நீட்டினார். "இப்புடியா?"

சாரதாதேவி அந்தக் கையைத் தொட்டு, "இன்னும் கொஞ்சம் மேலே. தலை இந்தப் பக்கம் கிடந்தது" என்றார்.

அக்கா கையைக் கொஞ்சம் உயர்த்தி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். என் மேசையில் டெலிபோன் அடித்தது. "நவமணி, யாரோ லண்டன் ஃபேர் கேக்குறாங்க போல, எடு லா" என்று ராஜு கத்தினார். நான் எடுக்கவில்லை.